வாடும் நீர்ச்செடிக்கு மருந்து யாது?

ஒரு பொருள் கேடுறுங்கால், அக்கேட்டின் காரணத்தை ஆராய்வோரினும் மருந்தைத் தேடி ஓடுவோரே பலராவர். பயிர் வாடினால் உரமூட்டையையும், உடல் வாடினால் மருந்துப் புட்டியையும் நாடுதல் மக்கள் இயல்பாய்விட்டது. நன்னீர் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிகள் அழுகி மடிவதும் பெரும்பாலும் இவ்வியல்பினாலேயே என்பது எம் கருத்து. கவனிப்பாரின்றி மடிந்த செடிகள் சில; காரணம் அறியாது கவனிக்கப்பட்டு மடிந்தவை பல. இஃது யாம் ஏட்டிற் கற்றதன்று. எம் வீட்டிலே கண்டது.

எம் இல்லம் ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் செல்லும் சாலையை அடுத்துள்ளது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிற் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், ஏரியும் நெல்வயலுமாய் இருந்த இப்பகுதி தொழிற்சாலைகள் செறிந்த பகுதியாய் மாறியதை யாவரும் அறிவர். எம் தமையனார் அத்தகைய ஆலை ஒன்றில் ஷிப்டு முறையிற் பணிபுரிபவர். அவர் தம் முதல் மாத ஊதியத்தைக் கொண்டு அன்னையார்க்கென ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார். வண்ணமீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்று மீன்களையும், வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடிகள் ஏழினையும் கொணர்ந்தார். பச்சை நாடாப் போல் நீண்டு நீரில் அசையும் இலைகளையுடையது அச்செடி. தம் இளமையில் வாய்க்காலிற் கண்ட பாசியை மீண்டும் கண்டாற்போல் அன்னையார் மகிழ்ந்தனர்.

பத்து நாட்கள் சென்றன. இலைகள் பசுமை குன்றி, கண்ணாடி போலாகி, கைபட்டாற் கரையும் நிலையை எய்தின. நீர் தூயதன்று போலும் என்றெண்ணிய தமையனார், ஆழ்துளைக் கிணற்று நீரை வடித்துவிட்டு, விலைகொடுத்து வாங்கிய குடிநீர்க் கேன்களால் தொட்டியை நிரப்பினார். செடி பின்னும் கரைந்தது. உணவு போதவில்லை எனக் கருதி, செடிக்குக் கார்பன் ஊட்டுவது என்று விற்கப்படும் திரவம் ஒன்றை வாங்கிக் காலையும் மாலையும் ஊற்றினார். செடி முன்னினும் விரைவாகக் கரைந்தது. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு யாம் இல்லம் சென்றபோது, "இதைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் செடியை வைத்துவிடுங்கள்" என்றார் அன்னையார். மகன் முதல் ஊதியத்தில் தந்த பரிசு கண்ணெதிரே அழுகுவதைக் காண அவர்க்கு மனம் பொறுக்கவில்லை.

இத்துன்பம் எம் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று. நீரில் அமிழ்ந்த இலைகள் ஒளியிற் பிராணவாயுவை வெளிவிடும் என்பதை 1779இல் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர் வெளிப்படுத்தினார். அவ்வுண்மையின் துணைகொண்டு இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், பொன்மீன் இரண்டையும் இதே வாலிஸ்நேரியாவையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, தாம் கண்டதை 1850இல் வெளியிட்டார். அவர் கலத்திலும் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது. அவர் மருந்து யாதும் ஊற்றினாரல்லர். அழுகலே கலக்கத்திற்குக் காரணம் எனக் கண்டு, அதனை உண்ணும் நீர்நத்தைகளை உள்ளே விட்டார், நீர் தெளிந்தது.

எம் தமையனாரிடம் ஒரு மாலை, "அண்ணா, உங்கள் ஆலையில் எந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என வினவினோம். "பழுது எங்கே என்று பார்ப்போம். ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்போம். மூன்றை ஒருங்கே மாற்றினால் எது பழுதென்று தெரியாமற் போய்விடுமே" என்றார். கூறியவர், தொட்டியைத் திரும்பிப் பார்த்துத் தாமே நகைத்தார். நோயையும் அதன் முதலையும் தேர்ந்த பின்னரே தணிக்கும் வழியைக் கூறும் வள்ளுவரின் முறைவைப்பும் இதுவே. ஆலையில் அறிந்த நெறியை இல்லத்தில் மறப்பானேன்?

ஆராய வேண்டுவன யாவை? முதலில், அச்செடி மெய்யாகவே நீரில் வாழ்வதா என்று அறிதல் வேண்டும். அதிர்ஷ்ட மூங்கில் எனப்படுவது போன்ற நிலச்செடிகளும் மீன்தொட்டிக்கென விற்கப்படுகின்றன. முழுதும் அமிழ்த்தினால் அவை நாளடைவில் அழுகும். இரண்டாவது, அது வந்த இடம். பண்ணைகளிற் பல நீர்ச்செடிகள் இலைகள் காற்றிலிருக்கவே வளர்க்கப்படுகின்றன. நீரில் மூழ்கியதும் பழைய இலை மடிய, வேரினின்று புதிய இலை தோன்றும். இஃது இறப்பன்று, இடமாற்றம். மூன்றாவது, வாடுவது எவ்விலை என்பது. நைட்ரஜன், பொட்டாசியம் முதலியன குறையின், செடி முதிர்ந்த இலைகளினின்று அவற்றை எடுத்துத் தளிர்க்கு அனுப்புமாதலின், முதிர்ந்த இலையே முன்னர் வாடும். இரும்புச்சத்து அங்ஙனம் எளிதில் இடம்பெயராதாதலின், அதன் குறைவு இளந்தளிரின் வெளுப்பிலே தோன்றும். நான்காவது, நட்ட முறை. வாலிஸ்நேரியா வேரால் உணவு கொள்வது. வெறுங் கூழாங்கல்லில் அதற்கு உணவில்லை. அனுபியாஸ் போன்றவற்றின் கிடைத்தண்டையோ மண்ணிற் புதைத்தால் அழுகிவிடும். ஐந்தாவது, நாம் ஊற்றியவை. மீனின் நோய்க்கெனச் சேர்த்த உப்பும் செம்புச்சத்துள்ள மருந்தும் செடிக்கு நஞ்சாதல் உண்டு.

இவ்வாறு நோக்கியபோது, எம் தொட்டியின் கேடு புலப்பட்டது. முதலில் இலை கரைந்தது இடமாற்றத்தால் ஆகலாம்; பொறுத்திருந்தால் அது தானே தீர்ந்திருக்கும். பின்னர் வார்த்த கேன்நீரோ ஆர்.ஓ. முறையில் வடிக்கப்பட்டுச் சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துக்கள் பெரிதும் நீங்கியது. நம் நாவிற்கு இனிய அந்நீர், கடின நீரில் தழைக்கும் வாலிஸ்நேரியாவிற்குப் பட்டினியே ஆகும். கார்பன் ஊட்டுவதாகக் கூறிய திரவத்தில் இருந்தது, மருத்துவமனைகளிற் கருவிகளின் கிருமியைக் கொல்லப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு என்பது. வாலிஸ்நேரியா அதனைத் தாங்காதென்பதைச் செடி வளர்ப்போர் பலர் அறிவர். அன்பினால் ஊற்றிய புட்டியே நஞ்சாயிற்று!

'செடியோ சில ரூபாய் பெறுவது; மடிந்தால் வேறொன்று வாங்கலாமே' என்பார் சிலர். காரணம் நீங்காத தொட்டியில் அடுத்த செடியும் மடியும். அழுகும் இலை நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீனையும் வருத்தும். மேலும், பிடுங்கிய செடியை ஏரியில் எறிவாரும் உளர். அழகிற்கெனத் தென்னமெரிக்காவினின்று கொணரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நம் நீர்நிலைகளை மூடிக்கிடத்தலைக் கண்டும் அச்செயலைச் செய்தல் தகுமோ? உலர்த்திக் குப்பைக் குழியில் இடுவதே முறை.

யாம் செய்தது சிறிதே. முதலில் புட்டியை நிறுத்தி, கரைந்த இலைகளை அகற்றினோம். இரு வாரம் வேறொன்றும் செய்திலோம். கரைவது நின்றது, வளர்ச்சி காணவில்லை. அதன் பின்னரே வாரந்தோறும் தொட்டிநீரிற் கால்பங்கை எடுத்துக் கிணற்றுநீரை வார்த்தோம். மீன்களின் பொருட்டு அம்மாற்றமும் மெல்ல நிகழ்ந்தது. யாம் கல்லூரிக்குத் திரும்பிய பின் தமையனார் இதனைத் தொடர்ந்தனர். பிப்ரவரித் திங்களில் ஒருநாள், இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்கச் செல்லாது எம்மைத் தொலைபேசியில் அழைத்து, கூழாங்கற்களினிடையே விரல்நீளத் தளிர் ஒன்று தோன்றியதைக் கூறினார். ஏழு செடிகளில் நான்கு மடிந்தன, மூன்று பிழைத்தன. காரணத்தை முன்னரே நாடியிருப்பின் ஏழும் பிழைத்திருக்கக்கூடும்.

ஆதலின், தொட்டி வைத்துள்ள நண்பர்காள்! செடி வாடக் காணின் கையை நீட்டுமுன் கண்ணைச் செலுத்துமின். ஒருவேளையில் ஒன்றையே மாற்றி, அதன் பயனைக் காணுமளவும் பொறுத்திருமின். வேர் உறுதியாயிருக்குமளவும் இலையின் அழிவைக் கண்டு செடியை எறியாதிருமின். வாடும் செடிக்கு முதல் மருந்து ஆராய்ச்சி; இரண்டாவது பொறுமை; புட்டி அவற்றின் பின்னரே.