பறக்கும் டாக்ஸியும் கீழே நடந்து போறவனும்

"இன்னும் ரெண்டே வருஷம், பறக்கும் டாக்ஸி வந்துடும்." நான் காலேஜ்ல இருந்தப்பவும் இதே ரெண்டு வருஷம்தான் :-) ஜெர்மனியோட வோலோகாப்டர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஆளை ஏத்திக்கிட்டுப் பறக்கப் போறோம்னு சொன்னாங்க. சான்றிதழ் நேரத்துக்கு வரலை. அந்த டிசம்பர்லயே திவால் மனு போட்டாச்சு.

அதுல 18 மோட்டார். ஒண்ணு ரெண்டு நின்னாலும் விழாதாம். நம்புறேன். ஆனா பொட்டி தட்டுறவன் பயம் வேற. 18-க்கும் உத்தரவு போடுற நிரல்ல ஒரு பிழை இருந்தா? மூணு கம்ப்யூட்டர் வெச்சாலும், மூணுலயும் ஒரே நிரல்னா மூணும் சேர்ந்தே தப்புப் பண்ணும். ஹெலிகாப்டர்ல எஞ்சின் நின்னாலும், கீழிருந்து வர்ற காத்து விசிறியைச் சுத்திவிடும், சமாளிச்சு இறக்கிடலாம். பிளேடு கோணத்தை மாத்த முடியாத குட்டி விசிறிகளுக்கு அந்த வித்தை தெரியாது. பாராசூட் இருக்கேன்னு கேட்பீங்க. அது விரியறதுக்கும் உயரம் வேணுமே?

சரி, பறக்கும்போது ஒண்ணும் ஆகாதுன்னே வெச்சுக்குவோம். நியூயார்க் கதையைப் பாருங்க. நடு மன்ஹாட்டன்ல 59 மாடி பான் ஆம் கட்டிடம். அதோட மொட்டை மாடியிலிருந்து விமான நிலையத்துக்கு ஹெலிகாப்டர் சர்வீஸ். 1977 மே 16-ஆம் தேதி, இறங்கி நின்ன ஹெலிகாப்டர்ல விசிறி சுத்திக்கிட்டே இருக்க, ஆட்கள் ஏறிக்கிட்டு இருந்தாங்க. உலோகம் களைச்சுப்போய் சக்கரக் கால் ஒடிஞ்சது. வண்டி சாய்ஞ்சு, பிளேடு அடிச்சு மாடியில நாலு பேர் செத்தாங்க. உடைஞ்ச பிளேடு துண்டு ஒண்ணு கீழே விழுந்து, தெருவுல இருந்த ஒரு பெண்ணும் செத்தாங்க. அவங்க டிக்கெட்டே வாங்கலை! அந்தத் தளத்தை அதோட மூடிட்டாங்க.

இத்தனை ரிஸ்க்கும் எத்தனை பேருக்காக? மூணு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு இறக்கினாலும் ஒரு தளத்துக்கு மணிக்கு 20 வண்டி. நாலு பேர் வீதம் 80 பேர். சப்வே ரயில் ஒண்ணே ஆயிரம் பேரை அள்ளிக்கிட்டுப் போயிடும். (சார்ஜ் போடுற நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. பேட்டரியில கிலோவுக்கு சுமார் 250 வாட்-மணி, விமான எரிபொருள்ல சுமார் 12,000.)

வேண்டவே வேண்டாம்னு சொல்லலை. 2023 நவம்பர்ல ஜோபி கம்பெனி அதே நியூயார்க்ல ஆத்தோரத் தளத்திலிருந்து பறந்து காட்டினாங்க. அப்படியே ஆத்து மேலயே நாலஞ்சு வருஷம் ஓட்டட்டும். மொட்டை மாடிக்கு அப்புறமா அனுமதி கேட்கட்டும்.