பொட்டலம் வேண்டாம், சீட்டு கேளுங்கள்!

"ஆஸ்பத்திரியில ஏதோ தப்பு நடந்துடுச்சு, கேஸ் போடலாமா?" என்று போய் நிற்பவரிடம் வக்கீல் முதலில் கேட்பது, "பேப்பரெல்லாம் இருக்கா?" என்றுதான். பலர் அங்கேயே விழிக்கிறார்கள்.

பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதற்காக, நோய் குணமாகாததெல்லாம் கவனக்குறைவு ஆகிவிடாது. சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் காட்டும் கவனத்தை இவர் காட்டவில்லை. அதனால்தான் பாதிப்பு வந்தது. இந்த இரண்டையும் நிரூபிக்கணும். வாய் வார்த்தையால் முடியுமா?

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தரவேண்டும் என்பது அலோபதி டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு விதி. டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதிக் கேளுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு.

இதெல்லாம் அலோபதிக்கு மட்டும்தானா? அலோபதி மருந்து கொடுத்த ஹோமியோபதி டாக்டர் ஒருவரின் வழக்கில், தான் படிக்காத முறையில் வைத்தியம் செய்ததே கவனக்குறைவு என்று 1996-ல் அதே கோர்ட் தீர்ப்பளித்தது.

எங்கள் சித்த வைத்தியத்திலும் பேர் எழுதாத பொட்டலத்தில் சூரணமும் பற்பமும் மடித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ரசமும் பாஷாணமும் சேரும் மருந்துகள் எங்களிடம் உண்டு. அளவு தப்பினால் ஆபத்து. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். "பரம்பரை ரகசியம்" என்று மழுப்பினால், பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல வைத்தியர் சீட்டு எழுதத் தயங்க மாட்டார். நாளைக்கு அவரைக் காப்பாற்றப் போவதும் அதுதானே!