கையெழுத்துப் போடாதவர்களின் ஊர்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த வீட்டைப் பார்த்தாலும் 'இது யார் பேரில் இருக்கிறது?' என்றுதான் முதலில் தோன்றும். மகன் குடும்பத்தோடு துருக்கி போயிருந்தபோது, மத்தியதரைக் கடலோர ஃபெத்தியே நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள காயாக்கோயிலும் அதே கேள்விதான்.

மலைச்சரிவு முழுக்க நூற்றுக்கணக்கான கல் வீடுகள். கூரை இல்லை, கதவு இல்லை, ஆள் இல்லை. இங்கே வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இதை லெவிசி என்றார்கள். ஒரு வீடு இன்னொரு வீட்டின் வெளிச்சத்தை மறைக்காதபடி அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். மழைநீர் சேமிக்கத் தொட்டிகள், இரண்டு பெரிய தேவாலயங்கள். கீழே பள்ளத்தாக்கில் முஸ்லிம்கள் விவசாயம் பார்த்தார்கள்.

கிரேக்க–துருக்கிப் போர் முடிந்தபின், 1923 ஜனவரியில் லோசான் நகரில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துருக்கியில் இருந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, அங்கிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. பேசும் மொழி கணக்கில் இல்லை, மதம் மட்டுமே. போரின்போதே ஓடியவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 12 லட்சம் பேர் ஒரு பக்கம், சுமார் 4 லட்சம் பேர் மறுபக்கம் இடம்பெயர்ந்தார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கல் மேடு ஒத்துவரவில்லை. 1957 நிலநடுக்கம் மிச்சத்தையும் குலைத்தது.

2014இல் இதில் ஒரு பகுதியை 49 வருடக் குத்தகைக்கு விட்டு ஹோட்டல் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. "நல்லதுதானேப்பா? விளக்காவது எரியும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும்" என்றான் மகன். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கவனிப்பார் இல்லாமல் சுவர்கள் சரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. விற்பவர் கையெழுத்து இல்லாமல் நான் ஒரு சென்ட் நிலத்தைக்கூடப் பதிவு செய்ததில்லை. இங்கே ஓர் ஊரே கை மாறியிருக்கிறது, வீட்டுக்காரர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. போட்டவை எல்லாம் அரசாங்கங்கள். அந்த வீட்டில் மெத்தை போட்டு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவது முறையா?

சுவர்கள் விழாமல் முட்டுக் கொடுங்கள், போதும். ஊர் காலியாகவே இருக்கட்டும். 'இவர்கள் எங்கே போனார்கள்?' என்று வருகிறவர்கள் கேட்கட்டும். என் பேத்தி கேட்டாள். ஹோட்டலாக இருந்திருந்தால் நீச்சல் குளம் எங்கே என்றுதான் கேட்டிருப்பாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?