முன்னூறு மனுவுக்கு ஒரு நாற்காலி!

2025 ஜூலை 12-ந் தேதி காலையில் தமிழ்நாடு முழுவதும் பள்ளிக்கூட வாசல்களில் ஒரே கூட்டம். சர்வீஸ் கமிஷன் என்று ஜனங்கள் சொல்லுகிற தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 பரீட்சை அன்றுதான். மனுப் போட்டவர்கள் ஏறத்தாழ 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். அறிவித்த இடங்களோ 3,935. ஒரு நாற்காலிக்கு 350 பேர்! பின்னால் இடங்களைக் கொஞ்சம் கூட்டினார்கள். முதல் தடவை கூட்டிய பிறகும் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு நாற்காலிதான். ஒருவர் உட்காருவார், 299 பேர் வீடு திரும்ப வேண்டும்.

இது ஒரு வருஷத்துக் கதையல்ல. 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு 7,301 இடம் என்றார்கள். மனுப் போட்டவர்கள் 22 லட்சம் பேர். இடங்களைப் பின்னால் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தியும் ஒரு இடத்துக்கு 200 பேருக்குக் குறையவில்லை. முடிவு வெளிவர எட்டு மாதம் ஆயிற்று. 2024 ஜூனில் நடந்த பரீட்சைக்கு முதலில் அறிவித்தது 6,244 இடம்; மனுப் போட்டவர்கள் 20 லட்சத்துக்கு மேல்.

யார் இந்த லட்சக்கணக்கான பேர்? தோழர்களே, அவர்கள் நம் பிள்ளைகள்! நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு முடித்துக் கண் எரிய எரியப் பரீட்சைக்குப் போன பெண் நம் வீட்டுப் பெண். நாற்றங்காலில் குனிந்து நிமிர்ந்து பிழைக்கும் தாய் கொடுத்த காசில் பஸ் ஏறிய பையன் நம் வீட்டுப் பையன். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற இந்த வேலைகளுக்கு வேண்டிய படிப்பு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரிகளும் என்ஜினீயரிங் படித்தவர்களும் இந்த வரிசையில் வந்து நிற்கிறார்களே, ஏன்? தனியார் முதலாளியிடம் அந்தச் சம்பளமும் இல்லை, நாளைக்கு வேலை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால்தான்!

"படிக்கவில்லை" என்ற பொய்

பரீட்சை முடிவு வந்ததும் உபதேசிகள் கிளம்பிவிடுவார்கள். "உழைத்துப் படித்தால் ஜெயிக்கலாம், ஜெயிக்காதவன் உழைக்கவில்லை" என்பார்கள். கோச்சிங் கடை போட்டிருப்பவர்கள் இதையே சுவரொட்டியில் அச்சடிப்பார்கள். தோற்ற பிள்ளை தலையைத் தொங்கப் போடுகிறது. பெற்றவர்களும் "நம் பிள்ளைக்கு அவ்வளவுதான் மூளை" என்று நம்பிவிடுகிறார்கள்.

நாம் ஒரு சாதாரணக் கணக்குக் கேட்கிறோம். 13 லட்சத்து 89 ஆயிரம் பேரும் இரவு பகலாகப் படித்து, 200 கேள்விக்கும் சரியான விடை எழுதி, 300-க்கு 300 மார்க் வாங்கியிருந்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் வேலை கிடைத்திருக்குமா? கிடைக்காது! சர்க்கார் எத்தனை இடம் வைத்ததோ அத்தனை பேருக்குத்தான் கிடைத்திருக்கும். மார்க்கு கூடினால் இடம் கூடாது. யார் உட்காருவது என்பதைப் பரீட்சை தீர்மானிக்கிறது. எத்தனை பேர் உட்காருவது என்பதைச் சர்க்கார் தீர்மானிக்கிறது. பிள்ளையின் மூளை மேல் பழி போடுகிறவர்கள் சர்க்காரின் கை மேல் பழி விழாமல் காப்பாற்றுகிறார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மில் வாசலில் பதிலிக்காரர்கள் கூட்டமாக நிற்க, உள்ளே இருப்பவனிடம், "உனக்குப் பதில் நூறு பேர் வெளியே நிற்கிறார்கள்" என்று கூலியை அமுக்குகிற தந்திரத்தை அவன் அறிவான். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கி உள்ளூர்க் கூலியை உடைக்கிற மிராசுதாரை விவசாயத் தொழிலாளி அறிவான். சர்க்கார் பரீட்சை வாசலில் நிற்கும் கூட்டமும் அதே கூட்டம்தான். அந்தக் கூட்டம் பெரிதாகப் பெரிதாக, எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்ட ஆள் கிடைக்கும் என்பது ஆளுகிறவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் பரீட்சையே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. பரீட்சை ஏழைக்கு எதிரி அல்ல. சர்க்கார் வேலை என்றால் ஒரு காலத்தில் பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம்தான். மனுப் போட்டு, பரீட்சை எழுதி, வரிசைப்படி வேலை பெறும் முறை போராடிப் பெற்றது. 1929-லேயே சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. சர்க்கார் வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 69 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. பெண்களுக்கு 30 சதவிகிதம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகித முன்னுரிமை. சேரியிலும் குடிசையிலும் பிறந்த பிள்ளை தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார முடிந்தது இவற்றால்தான். இதை விட்டுக்கொடுக்க நாம் தயாரில்லை.

இந்தப் பரீட்சையையும் பணக்காரன் விலைக்கு வாங்கப் பார்த்தான். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 பரீட்சையில், முதல் நூறு இடங்களில் 39 பேர் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் என்று தெரிந்ததும் நாடே திடுக்கிட்டது. கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும் மையினால் விடைத்தாளில் குறித்து, பின்னால் வழியிலேயே திருத்திய மோசடி அம்பலமாயிற்று. 2020 ஜனவரியில் 99 பேருக்கு ஆயுள் முழுவதும் பரீட்சை எழுதத் தடை விதித்தார்கள். அழிகிற மையை வாங்க ஏழையிடம் காசு ஏது? பரீட்சை நாணயமாக நடந்தால்தான் ஏழைக்கு வழி. அதனால்தான் அதைக் காவல் காக்க வேண்டும் என்கிறோம்.

முன்வாசலில் பரீட்சை, பின்வாசலில் காண்ட்ராக்ட்

ஆனால் அழிகிற மையைவிடப் பெரிய மோசடி ஒன்று சட்டப்படியே நடக்கிறது. முன்வாசலில் பரீட்சை வைக்கிறார்கள்; பின்வாசல் வழியாக வேலைகளைக் காண்ட்ராக்டரிடம் தள்ளுகிறார்கள்!

2015-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு ஆயிரக்கணக்கில் நர்சுகளைப் பரீட்சை வைத்தே எடுத்தார்கள். ஜெயித்து வந்த பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள்? மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற சொல் காற்றோடு போயிற்று. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடிப் போராட வேண்டி வந்தது. அதாவது பரீட்சையில் ஜெயித்தாலும் வேலை முழு வேலையாக இல்லை.

சத்துணவுக் கூடங்களுக்கு 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க 2024-ல் அனுமதி கொடுத்தார்கள். முதல் 12 மாதத்துக்குச் சம்பளம் மாதம் 3,000 ரூபாய்! ஒரு நாளைக்கு நூறு ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டில் வைத்த நாள் கூலியே 336 ரூபாய். மண் வெட்டுகிறவளுக்கு வைத்த கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறவளுக்கு இல்லை!

2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள். பதிமூன்றாம் நாள் இரவு போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காண்ட்ராக்டர் ஆள் எடுக்கும்போது பரீட்சை கிடையாது. 69 சதவிகிதம் கிடையாது. பெண்களுக்கு 30 கிடையாது. தமிழ் வழிக்கு 20 கிடையாது. அவன் வைத்ததுதான் சட்டம். ஒரு நிரந்தர வேலையைக் காண்ட்ராக்ட் ஆக்கினால் ஒரு சம்பளம் மட்டும் குறைவதில்லை. இடஒதுக்கீட்டில் ஒரு இடமும் சேர்ந்து அழிகிறது. சட்டப் புத்தகத்தில் 69 அப்படியே இருக்கும். ஆனால் எதில் 69? நாற்காலியே இல்லாத இடத்தில் ஒதுக்கீடு எதற்கு? பழைய சிபாரிசுக் கடிதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய கணக்கையும் மறக்க வேண்டாம். 2001 நவம்பரில் சர்க்கார் காலியிடங்களை நிரப்பத் தடை போட்டது. தடை நீங்க 2006 ஆயிற்று. இடையில் 2003 ஜூலையில் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். தோழர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. அன்று வெளியே தள்ளப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்ப உள்ளே வந்தது, சுப்ரீம் கோர்ட் எடுத்துச் சொன்ன பிறகு, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான். ஆட்சிகள் மாறின; காலியிடத்தைக் காலியாகவே வைத்து மிச்சம் பிடிக்கும் புத்தி மாறவில்லை.

காலி நாற்காலியால் லாபம் யாருக்கு?

"எல்லோருக்கும் சர்க்கார் வேலை கொடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நாம் கேட்பது, ஜனங்களுக்குத் தேவையான வேலைக்கு ஆள் போடு என்பதுதான். ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் "கூடுதல் பொறுப்பு" என்று சுமக்கிறார். ஜாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் நம் ஜனங்கள் கூலியை விட்டுவிட்டு நாலு நடை நடக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு மனுப் போடவே கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது! பாக்டரி இன்ஸ்பெக்டர் நாற்காலி காலியாக இருந்தால் யாருக்குக் கொண்டாட்டம்? எட்டு மணி வேலையைப் பன்னிரண்டாக்கும் மில் முதலாளிக்கு! கூலிச் சட்டத்தைப் பார்க்க அதிகாரி இல்லையென்றால் யாருக்கு நிம்மதி? கூலியைக் குறைக்கிறவனுக்கு! காலி நாற்காலிக்குச் சம்பளம் கொடுக்காமல் சர்க்கார் மிச்சம் பிடிக்கிறது. அதற்கு விலை கொடுப்பது நாம்.

"பணம் இல்லை" என்பார்கள். கம்பெனிகளுக்கு வரிச் சலுகை கொடுக்கவும் நிலம் கொடுக்கவும் மானியம் கொடுக்கவும் பணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் போட மட்டும் இல்லையாம்! இதை நம்ப உழைக்கிறவன் ஏமாளியல்ல.

பக்கத்து வீட்டான் பகைவன் அல்ல

இடம் குறையக் குறைய ஒரு விஷமப் பிரசாரம் வளருகிறது. "அவன் ஜாதிக்கு ஒதுக்கீடு இருப்பதால்தான் உனக்குக் கிடைக்கவில்லை" என்று காதில் ஓதுகிறார்கள். தோழர்களே, உஷார்! 300 பேரில் ஒருவனுக்குக் கிடைத்தது. மீதி 299 பேரில் எல்லா ஜாதியும் இருக்கிறது. அந்த ஒருவனை விரட்டிவிட்டால் இன்னொருவன் உட்காருவான். அப்போதும் 299 பேர் வெளியேதான்! ஒரு ரொட்டியை 300 பேர் முன்னால் எறிந்துவிட்டு நாம் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறவன்தான் நமக்கு எதிரி. ரொட்டியை எடுத்தவன் அல்ல.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, நம் பிள்ளைகள் மனுப் போடட்டும், தயங்க வேண்டாம். சங்க அலுவலகங்கள் அதற்கு உதவட்டும். நிரந்தரப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், அது ஐந்து வருஷம் செல்லும். பரீட்சைக் கட்டணம் 100 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆதரவற்ற விதவைகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று தடவை இலவசம். மனுவில் இந்தச் சலுகையைக் கேட்க மறக்கக் கூடாது. ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழியில் படித்தவர்கள் படித்த பள்ளியில் அதற்கான சான்றை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். 200 கேள்வியில் 100 கேள்வி தமிழ்ப் பாடம்; அதில் 40 சதவிகிதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். சர்க்கார் பள்ளிப் பாடப் புத்தகங்களை ஒழுங்காகப் படிப்பதே நல்ல ஆயத்தம். படித்த தோழர்கள் சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்தட்டும். கோச்சிங் கடைக்குக் கடன் வாங்கிக் கொட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, மனுப் போட்டால் போதும் என்று வீட்டில் உட்காரவும் கூடாது. மனு ஒருவனுக்கு வேலை தேடித் தரலாம். நாற்காலிகளைக் கூட்டுவது சங்கம்தான். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அரசு ஊழியர் சங்கமும் வாலிபர் சங்கமும் ஒரே குரலில் கேட்க வேண்டும்:

காலியிடங்கள் எத்தனை என்று இலாகா வாரியாகப் பகிரங்கமாக வெளியிடு!

காலியிடம் அத்தனையையும் நிரந்தர வேலையாக நிரப்பு!

காண்ட்ராக்ட், தொகுப்பூதியம், அவுட்சோர்சிங் முறையை ஒழி!

வருஷம் தவறாமல் பரீட்சை நடத்து. முடிவைக் காலத்தோடு வெளியிடு!

பரீட்சை மோசடிக்காரர்களுக்குத் தண்டனை கொடு!

ஏழைப் பிள்ளைகளுக்குத் தாலுகா தோறும் இலவசப் பயிற்சி கொடு!

பரீட்சை ஹாலில் 13 லட்சம் பேரும் தனித்தனியாக உட்கார வேண்டும். அங்கே ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதக் கூடாது. ஆனால் பரீட்சை ஹாலுக்கு வெளியே அந்தச் சட்டம் கிடையாது. வெளியே நாம் ஒன்றாக உட்காரலாம்; ஒன்றாக நடக்கலாம்; ஒன்றாகக் கேட்கலாம். 13 லட்சம் பேரும் அவர்களைப் பெற்றவர்களும் ஒன்றாகக் கேட்கும் நாளில், இடமில்லை என்று சொல்ல எந்த சர்க்காருக்கும் துணிச்சல் வராது!