விட முடியாத நற்பழக்கம்

புகைப்பழக்கத்தை ஓர் இளைஞர் கைவிட்டுவிட்டால், அந்த வீட்டில் பெருநாளுக்கு முன்பே பெருநாள் வந்துவிடுகிறது. பெரும்பாலும் ரமளானில்தான் அது நிகழ்கிறது. நோன்பு நோற்றுப் பகல் முழுதும் புகைக்காமல் இருக்க முடிந்தவருக்கு, இரவிலும் இருக்க முடியும் என்ற துணிவு பிறக்கிறது. ஷவ்வால் பிறந்ததும் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்கிறார். உடல் முறுக்கேறுகிறது, முகம் தெளிகிறது. பெற்றவள் அல்ஹம்துலில்லாஹ் கூறி நிம்மதிப் பெருமூச்சு விடுகிறாள்.

ஓராண்டு கழித்து அவருடைய மனைவியைக் கேட்டால், சில வீடுகளில் வேறு செய்தி கிடைக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். மஃரிப் ஜமாஅத் தவறுகிறது. உறவினர் வீட்டு வலீமாவிலும் எடை பார்த்துக் கொண்டுவந்த உணவு டப்பாவைத்தான் திறக்கிறார். மழையால் கூடம் ஒரு நாள் மூடப்பட்டால் அன்று வீட்டில் எவரும் வாய் திறக்க இயலாது. முழங்கால் வீங்கியிருக்கிறது, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறார். யாரேனும் தடுத்தால், "சிகரெட்டை விட இது மேலல்லவா?" என்கிறார்.

மேல்தான், ஐயமில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று. ஒரு நாள் இதை விட்டுவிட்டு அவரால் அமைதியாக இருக்க முடிகிறதா என்பதே கேள்வி.

இதைப் படித்துவிட்டு, பஜ்ருக்குப் பின் மீண்டும் போர்வைக்குள் புகுந்துகொள்வோர் ஆறுதல் அடைய வேண்டாம். நம் சமுதாயத்தில் பெரும்பாலோருடைய நோய் இதற்கு நேர் எதிரானது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வலியுறுத்தியது. பிரியாணிக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இடையே வாழும் நம்முள் எத்தனை பேர் அதில் பாதியைத் தொடுகிறோம்? பலமான இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிடச் சிறந்தவர் என்பது நபிமொழி. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியுள்ளார்கள். ஆகவே உடற்பயிற்சி மீது நமக்கு எந்தப் புகாரும் இல்லை.

இந்தச் சிக்கல் புதியதும் அன்று. 1970-ல் பிரடெரிக் பேக்லண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், உடற்பயிற்சியை நிறுத்தினால் உறக்கம் எவ்வாறு மாறுகிறது என்று ஆராய முற்பட்டார். அதற்குச் சிலர் ஒரு மாதம் பயிற்சியை நிறுத்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ நாள்தோறும் பயிற்சி செய்வோர், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் உடன்படவில்லை. இறுதியில், வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் மட்டும் பயிற்சி செய்வோரைக் கொண்டே அவர் ஆய்வை நடத்தினார். அவர்களுக்கே உறக்கம் கெட்டது, மனப்பதற்றம் கூடியது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் சூதாட்டம் அடிமைப்பழக்கமாக இடம்பெற்றது, உடற்பயிற்சி இடம்பெறவில்லை. போதிய ஆதாரம் சேரவில்லை என்பதே காரணம். பெயரிடப்படாத நோய் என்பதால் வலி குறைந்துவிடுவதில்லை. ஓய்வின்றி ஓடுபவரின் எலும்பில் நுண்ணிய முறிவுகள் ஏற்படுகின்றன. அளவு கடந்து பளு தூக்குபவரின் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தையே முடக்குவதுண்டு. நோன்புடன் தண்ணீரின்றிக் கடும் பயிற்சி செய்வோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஒரு பழக்கத்தின் இடத்தில் மற்றொன்றை வைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. புகைக்க வேண்டும் என்ற வேட்கை எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் விரைந்து நடந்தால் அது தணிகிறது. தொடக்க வாரங்களில் அது நல்ல ஊன்றுகோல். எலும்பு கூடிய பின்னும் ஊன்றுகோலை விடாதவரைப் பற்றியே இங்கு பேசுகிறோம். அவர் எதை மறக்கப் புகைத்தாரோ, அந்தக் கடனோ அச்சமோ தனிமையோ அப்படியே இருக்கிறது. முன்பு புகையால் மூடினார், இப்போது வியர்வையால் மூடுகிறார். முன்பாவது வீட்டார் கண்டித்தார்கள், இப்போது பாராட்டுகிறார்கள். உதவி கேட்கும் வாசலும் அதனால் அடைபடுகிறது.

நல்ல செயலில் அளவு மீறல் ஏது என்று கேட்போர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி அது. அவர் நாள்தோறும் நோன்பு நோற்றார், இரவு முழுதும் தொழுதார். இதை முதலில் அறிந்தவர் அவருடைய மனைவி. மாமனார் நலம் விசாரித்தபோது கணவரைப் புகழ்வது போலவே தம் நிலையை அவர் உணர்த்தினார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியது. உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் அவர்மீது உரிமை உண்டு என அவர்கள் எடுத்துரைத்து, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். தமக்கு அதைவிடக் கூடுதல் சக்தி உண்டு என்றே அவர் மீண்டும் மீண்டும் கூறினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற தாவூத் நபியின் நோன்பில் அது முடிந்தது. அதற்கு மேல் அனுமதி கிடைக்கவில்லை. முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் வருந்தினார்.

அவர் மிகுதியாக்கியது வணக்கத்தை. அதற்கே எல்லை வகுக்கப்பட்டது என்றால் இரும்புத் தட்டுகளுக்கு இல்லாமலா போகும்? கடமையான ரமளான் நோன்பில்கூட நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை வழங்கியிருக்கிறான். காய்ச்சலில் கிடக்கும்போதும் தனக்கு ஒரு நாள் சலுகை தர மறுப்பவர், எவரும் விதிக்காத கடமையைத் தன்மீது விதித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டார் அவரைக் கேலி செய்ய வேண்டாம்; கூடத்துக்குக் கட்டிய பணத்தைக் கணக்குப் பார்க்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் ஓய்வாக இருக்கும்படி கேட்டுப்பாருங்கள். ஜும்ஆவுக்கு நேரத்தோடு சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து உண்டு, மாலையில் வாப்பாவுடன் பேசிக்கொண்டிருக்க அவரால் முடிந்தால் கவலையில்லை. நான்கு வெள்ளி கேட்டும் ஒன்றைக்கூட அவரால் தர இயலவில்லை என்றால், முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டும் அதே நாளில் மனநல மருத்துவரையும் பார்த்து வாருங்கள். உடன் மனைவியும் செல்லட்டும். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் விடை இருக்கும்.