மூட்டை கட்டுவதற்கு முன்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து இளைஞர்களிடையே சில வருஷங்களாக ஒரு நல்ல மோகம் பரவியிருக்கிறது. வாரம் முழுவதும் மின்சார ரயிலில் நசுங்கிக்கொண்டு காரியாலயம் போய் வருகிறவர்கள், நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறப் புறப்பட்டு விடுகிறார்கள். சினிமாக் கொட்டகையின் புழுக்கத்தைவிட மலைக்காற்று மேலானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூட்டை கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய யோசனைகள் சில உண்டு.

பல்லாவரத்துக் கருங்கல்லும் நீலகிரி மலையும் ஒரே ஜாதிக் கல். சார்னோக்கைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் உறவு கல்லோடு சரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும். தாம்பரத்தில் 32 டிகிரி வெயிலில் விசிறிக்கொண்டிருக்கும் அதே வேளையில், 2,400 மீட்டர் உயரத்தில் 16 டிகிரிதான் இருக்கும். மார்கழி, தை இரவுகளிலோ புல்வெளியில் உறைபனி படியும். ஊரில் பெட்டிக்குள் கிடக்கும் கம்பளி அங்கே பிராண ரட்சகன்.

வரையாடுகளின் இருப்பிடமான முக்குறுத்தியை எடுத்துக்கொள்வோம். 1990-ல் தேசியப் பூங்காவான அது சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தேசியப் பூங்கா என்றால் நம் ஊர்ப் பூங்காவைப்போல் நினைத்தபோது நுழைந்து, இஷ்டப்பட்ட இடத்தில் படுத்துறங்கும் இடமல்ல. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உள்ளே செல்வதற்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே முதல் வேலை அனுமதி. ரயில் டிக்கெட்டு அதற்குப் பிறகுதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளை வகுத்து, இணையத்தில் பதிவு செய்துகொள்கிறவர்களை உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதன்முதலாக மலையேறுகிறவர்கள் அவற்றில் சுலபமான ஒன்றில் ஆரம்பிப்பது உத்தமம்.

இரண்டாவது, தூரக் கணக்கு. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காத்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. இதன்படி 600 மீட்டர் ஏற்றமுள்ள பன்னிரண்டு கிலோமீட்டர் வழிக்கு சுமார் மூன்றரை மணி நேரம் ஆகும். அவர் கணக்கு நல்ல தேகக்கட்டுள்ளவர்களுக்கு. சுமையும் இளைப்பும் உள்ள நமக்கு ஆறு, ஏழு மணி என்று வைத்துக்கொள்வதே விவேகம். பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேரும்படி திட்டமிட வேண்டும். பழகுவதற்குப் பரங்கிமலை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடிதான். ஆனாலும் மூட்டையோடு ஒரே காலையில் எட்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தால், 600 மீட்டர் என்றால் என்ன என்று முழங்காலே சொல்லிவிடும். சுமை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருப்பது நலம். ஊறுகாய் ஜாடியை அம்மா கொடுத்தாலும், தைரியமாக வீட்டிலேயே வைத்துவிடலாம்.

மூன்றாவது, பருவம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்றிருந்த இரு குழுவினர், கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகையில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் இள வயதினர். அனுமதி பெற்ற வழி வேறு, அவர்கள் நடந்த வழி வேறு என்று அதிகாரிகள் பின்னர் கூறினார்கள். உலர்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி வெகு வேகமாக ஓடும். கீழே எரியும் ஜ்வாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. மனிதக் கால்களோ மேட்டில்தான் மிகவும் தளர்கின்றன. அவ்வருஷமே அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது.

ஆகையால் மாசி, பங்குனியில் வனத்துறை வழிகளை மூடினால், நம்முடைய லீவைக் கெடுப்பதற்காக மூடுகிறார்கள் என்று முணுமுணுக்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழையிலும் அப்படியே. வழுக்கும் பாறையும் பெருகும் ஓடையும் நம் சௌகரியத்தைக் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று. எந்த வழியில் போகிறோம், எந்த இடத்தில் தங்குகிறோம், என்று திரும்புவோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். குழுவில் ஒருவர் "திரும்பலாம்" என்றால் எல்லோரும் திரும்புவது என்று தாம்பரம் ரயில் நிலையத்திலேயே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மேலே போய்ச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் வெட்கமும் வீம்பும் குறுக்கே வந்துவிடும். பாதி வழியில் திரும்பி வந்தவனைப் பார்த்து நண்பர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த தை மாதத்திலும் மலை அங்கேதான் இருக்கும்.