தட்டு நிறைந்தால் போதுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் பெரியோர்கள். ஆனால் நான் உண்ட ஒரு விருந்து மூன்று மாதங்கள் ஆகியும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி என் கருத்தை இங்கே எழுதுகிறேன். தவறு இருந்தால் ஆசிரியைகளும் பெற்றோரும் பொறுத்தருள்வார்களாக.

கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்தோம். சித்தப்பா எங்களை ஒரு குஜராத்தி உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். வாசலில் மாட்டு வண்டிச் சக்கரம். உள்ளே குடிசை போன்ற கூரை. கண்ணாடிச் சில்லுகள் பதித்த திரைச்சீலைகள். சிவப்புத் தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் கைகூப்பி வரவேற்றார்கள். ஏதோ ஒரு கிராமத்துத் திருமண வீட்டிற்கு வந்துவிட்டது போல் இருந்தது.

பெரிய வட்டத் தட்டு, அதன் ஓரமாகச் சின்னஞ்சிறு கிண்ணங்கள். இதுதான் தாலி. வெல்லம் சேர்த்த இனிப்பான பருப்பு, கடலை மாவு கரைத்துக் காய்ச்சிய மோர்க் குழம்பான கடி, பஞ்சு போன்ற டோக்ளா, பாயைச் சுருட்டியது போன்ற காண்ட்வி, மெல்லிய ரோட்லி, பூரி, கிச்சடி, ஊறுகாய், தயிரை வடிகட்டிச் செய்த ஸ்ரீகண்ட், கடைசியில் மோர். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு வகைகள்! பருப்பில் இனிப்பா என்று தம்பி முகத்தைச் சுளித்தான். எனக்கோ பிடித்திருந்தது. இனிப்பு, புளிப்பு, காரம் என்று ஒரே வாயில் மாறி மாறி வந்ததை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அந்தத் தட்டில் கருத்த, தடித்த ரொட்டி ஒன்றும் இருந்தது. "பாஜ்ரா ரோட்லா" என்றார்கள். வெண்ணெயும் வெல்லமும் வைத்துக் கொடுத்தார்கள். அப்பா ஒரு விள்ளல் வாயில் போட்டதும் சிரித்துவிட்டார். "இது நம்ம கம்பு தானே!" என்றார். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் கம்பு விளைந்த வீட்டில் பிறந்தவர் அப்பா. அப்பத்தா கம்பங்கூழ் கரைத்துத் தந்தால், "எனக்கு வேண்டாம்" என்று ஓடுகிறவள் நான். அதே கம்பை அந்நிய ஊரில், அலங்கார விளக்கின் கீழ், காசு கொடுத்து அதிசயமாகத் தின்றேன். அப்போதே எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. எங்களுக்குப் பரிமாறிய தலைப்பாகைக்காரர், நாங்கள் பேசுவதைக் கேட்டு, "நீங்க மதுரையா?" என்று கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டி. "இந்தத் தலைப்பாகைக்குள்ள வேர்த்துக் கொட்டுதும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, "இன்னும் ஒண்ணு வச்சுக்கங்க" என்று பூரியைப் போட்டார். வேண்டாம் என்று நாங்கள் கையை நீட்டி மறைப்பதற்குள் தட்டு மறுபடி நிறைந்துவிடும். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து போனபோது தட்டில் பாதிக்கு மேல் மீதம். அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கவிழ்ந்தது. எங்கள் தட்டுகளும் காலியாக இல்லை.

குஜராத்தியர் விருந்தினரை வற்புறுத்தி உண்ணச் செய்வதில் பெயர் பெற்றவர்கள். அதை ஆக்ரஹ் என்கிறார்கள். நம் வீடுகளிலும் "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவது உண்டு அல்லவா? ஆனால் வீட்டில் வற்புறுத்துகிறவருக்கு நம் வயிறு தெரியும். மீந்ததை என்ன செய்வது என்றும் தெரியும். கடையில் அந்த அன்பு ஒரு நடிப்பாகி, உணவு குப்பையாகிறது.

இத்தகைய உணவகங்களே கூடாது என்பது என் வாதம் அன்று. 1978-ல் அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் என்பவர் 'விஷாலா' என்ற கிராமத்துப் பாணி உணவகத்தைத் தொடங்கினார். அதோடு நிற்காமல், பித்தளை, செம்பு என்று மக்கள் புழங்கிய பாத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, அங்கேயே ஒரு காட்சிசாலையும் அமைத்தார். வீடுகளிலிருந்து மறைந்து போகும் பொருள்களைக் காப்பாற்றும் எண்ணம் அதில் இருந்தது. அலங்காரத்திற்குப் பின்னால் அறிவும் அக்கறையும் இருந்தால் அதை வரவேற்க வேண்டும். வெறும் தலைப்பாகை மட்டும் என்றால், அது மாறுவேடப் போட்டிதான்.

பள்ளி திறந்ததும் என் தோழியிடம் இந்த விருந்தைப் பற்றி அளந்தேன். அவள் சௌராஷ்டிர வகுப்பைச் சேர்ந்தவள். "நீங்களும் குஜராத்திலிருந்து வந்தவர்கள் தானே, உங்கள் வீட்டிலும் தினம் டோக்ளாவா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஆறாம் வகுப்பிலேருந்து பக்கத்துல உட்கார்ந்திருக்கே. எங்க வீட்டுக்கு ஒரு நாளாவது வந்திருக்கியாடி?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சென்றேன். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெரு. அவள் பாட்டி கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து எண்ணெயில் பொரித்துத் தந்தார்கள். அதன் பெயர் பங்காரப்பான். பிறகு அம்பட் பாத்; அதாவது புளிச் சோறு. 'பான்' என்றால் இலை, 'பாத்' என்றால் சோறு. குஜராத்தியிலும் இவை இப்படியே. தட்டில் இருந்தவை இரண்டே வகைகள். டோக்ளாவும் இல்லை, காண்ட்வியும் இல்லை. ஆனால் பல நூறு ஆண்டுகளின் வழிநடை அந்த இரண்டு சொற்களில் இருந்தது.

பட்டு நெசவாளர்களான அவர்களின் முன்னோர், சௌராஷ்டிர நாட்டை விட்டுப் புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்டார்கள் என்பது அவர்கள் மரபு. வழியெல்லாம் மராத்தி, தெலுங்கு, கன்னடச் சொற்களைச் சேர்த்துக்கொண்ட அவர்கள் மொழிக்குத் தனி எழுத்தும் உண்டு. 2008-ல் கணினிக்கான யூனிகோட் எழுத்துப் பட்டியலில் அது இடம்பெற்றது. துணியில் நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணம். 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. 'உள்ளம் உருகுதய்யா' என்று பாடிய டி.எம்.சௌந்தரராஜன் அவர்கள் வீட்டுப் பிள்ளை. 2023 ஏப்ரலில் சோமநாதபுரத்தில் நடந்த சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமத்திற்கு மதுரையிலிருந்து சிறப்பு ரயில்கள் சென்றன. எனக்கு எட்டும் தூரத்தில் இருந்த குஜராத்தை விட்டுவிட்டு நான் சென்னையில் தேடியிருக்கிறேன்!

விடைபெறும்போது தோழி ஒன்று சொன்னாள். ஆறாம் வகுப்பில் அவள் தன் அம்மாவிடம் தங்கள் மொழியில் பேசியதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்களாம். அன்றிலிருந்து பள்ளியில் அவள் அம்மொழியைப் பேசுவதே இல்லை. தோழியரே, சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. தலைப்பாகையைக் கண்டு வியந்த நான், அந்த மொழியைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இருந்தாலும் இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்வதுதான் நியாயம் என்று எழுதுகிறேன்.

நம் மதுரையோடு தொடர்புள்ள இன்னொரு குஜராத்தியரை நினைத்துப் பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான் காந்தியடிகள் தம் உடையை முழங்கால் அளவு வேட்டியாகச் சுருக்கிக்கொண்டார். உணவை அதற்கும் முன்பே சுருக்கிவிட்டார். 1915-ல் கல்கத்தாவில் அவர் தங்கியிருந்த வீட்டில், பழமும் பருப்புகளும் மட்டுமே உண்ட அவருக்காக வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து பருப்புகளின் தோலை உரித்தார்களாம். அதை அறிந்து அவர் மிகவும் வருந்தினார். அதே ஆண்டு ஹரித்துவாரத்தில், ஒரு நாளில் ஐந்து வகைப் பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்று விரதம் பூண்டார். தம் தட்டிற்குப் பின்னால் இருந்த பெண்களின் உறக்கத்தை அவர் கண்டார். இருபத்திரண்டு கிண்ணங்களை எண்ணிய நான், அடுப்பருகில் நின்றவர்களை எண்ணவில்லை.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். வெளியே சென்று புதிய உணவு உண்பது நல்லது. ஆனால் "போதும்" என்று சொல்லக் கற்ற பிறகு செல்வோம். பெற்றோர் அவர்களும், "கொடுத்த காசுக்குச் சாப்பிடு" என்பதற்குப் பதில் "வேண்டியதை மட்டும் வாங்கு" என்று சொல்வார்களாக. மற்றொரு மக்களை அறிய விரும்பினால், முதலில் பக்கத்து இருக்கைத் தோழியின் வீட்டுப் படியேறுவோம்.

நம் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு நாள், ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பண்டம் ஒன்றைக் கொண்டு வந்து, அதன் கதையைத் தன் வீட்டு மொழியில் இரண்டு வாக்கியமாவது சொல்ல வாய்ப்பளித்தால் என்ன? போட்டி வேண்டாம், பரிசும் வேண்டாம், தலைப்பாகையும் வேண்டாம். சிஸ்டர் அவர்களிடம் இந்த வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கிறேன்.

அந்த நாளில் நான் அப்பத்தாவிடம் கேட்டுக் கம்பங்கூழ் கொண்டு வருவேன். என் தோழி பங்காரப்பான் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பேசும்போது யாரும் சிரிக்க மாட்டோம் அல்லவா?